ஐந்நூறு ஆண்டுப் பழமையான ஜப்பானியப் போர்க்கலையை அடுத்த மாதம் தொடங்குவது எப்படி?

வருங்கால மகாகுருவே, வணக்கம்.

உங்களிடம் ஒரு மொட்டைமாடி இருக்கிறது. யூடியூப்பில் பார்த்துப் பழகிய நாலைந்து வீச்சு இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் வேறு வேலையும் இல்லை. இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: ஐந்நூறு வருடம். அதற்காக மனம் தளர வேண்டாம். உங்களுக்கு முன் இந்தத் தொழிலுக்கு வந்த பெரியவர்களில் பலர் அந்த ஐந்நூறு வருடத்தைப் போகிற வழியில்தான் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் காலடியை ஒற்றி நடந்தால் போதும். இந்தக் கையேட்டில் கேலி மட்டும் என் கைச்சரக்கு. பெயர்களும் ஆண்டுகளும் ஜப்பானுடையவை.

போர் முடியும்வரை பொறுங்கள்

போர்க்கலையைத் தொடங்கப் போர்க்காலம் தோதுப்படாது. புதிதாக வருகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். நிஜமான போரில் வாளை உறையிலிருந்து அழகாக உருவ யாருக்கும் நேரமில்லை. வில்லும் ஈட்டியும் வேலை செய்தன. 1543-இல் தனேகஷிமா தீவில் போர்த்துகீசியர் வந்து இறங்கிய பிறகு துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. 1600-இல் செகிகஹாரா போர், 1615-இல் ஒசாகா கோட்டை வீழ்ச்சி, 1638-இல் ஷிமபாரா கலகம் அடங்கியது. அதற்குப் பிறகு டோக்குகாவா ஆட்சியில் இருநூறு வருடத்துக்கும் மேல் பெரிய போர் என்று ஒன்று கிடையாது. சாமுராயின் இடுப்பில் இரண்டு வாள் இருந்தன. வெட்டத்தான் ஆள் இல்லை. வாள்வித்தைப் பள்ளிகள், அவர்கள் மொழியில் 'ரியூ', நூற்றுக்கணக்கில் முளைத்தது இந்த அமைதியில்தான்.

யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. சம்பளம் அரிசியாக வருகிறது; வேலை கணக்கெழுதுவது; ஆனால் ஊரில் பெயர் போர்வீரன். அந்தப் பெயருக்கும் அந்த வேலைக்கும் நடுவே கிடந்த பள்ளத்தை எதையாவது போட்டு நிரப்ப வேண்டுமே! 1632-இல் ஆட்சித் தலைவரான ஷோகுனின் வாள் வாத்தியார் யாக்யூ முனெனோரி தன் வித்தையை நூலாக எழுதி முடித்தார். மனத்தை எதிராளியின் வாளிலும் நிறுத்தாதே, உன் வாளிலும் நிறுத்தாதே என்று அவருக்கு எடுத்துச் சொன்னவர் தக்குவான் என்ற ஜென் துறவி. 'எங்கே வெட்டுவது?' என்ற கேள்வி மெல்ல மெல்ல 'மனத்தை எங்கே வைப்பது?' என்று ஆனது. எதிராளி வராத ஊரில் இரண்டாவது கேள்விக்குத்தான் ஆயுள் அதிகம். வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 1645-இல் சாவதற்குச் சற்று முன் எழுதி முடித்த 'கோரின் நோ ஷோ' இன்று விமான நிலையப் புத்தகக் கடைகளில் மேலாண்மை நூல்களுக்கு நடுவே நிற்கிறது. மனிதர் அறுபதுக்கும் மேற்பட்ட சண்டைகளில் தோற்றதே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எதிர்த்தரப்பில் எழுத ஆள் மிஞ்சவில்லை.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகனுமா குனிசாட்டோ என்பவர் மூங்கில் வாளையும் முகக்கவசத்தையும் மேம்படுத்தினார். அதனால் ஒருவர் தலையில் ஒருவர் நிஜமாகவே அடித்துப் பழக முடிந்தது. உடனே பழைய ஆட்கள், 'இது விளையாட்டு, வித்தை இல்லை' என்று முகம் சுளித்தார்கள். இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், மகாகுருவே. பின்னால் நீங்களும் பலமுறை சொல்ல வேண்டியிருக்கும்.

தெய்வத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்

'நானே யோசித்துக் கண்டுபிடித்தேன்' என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னவனுக்குச் சீடன் சேர்ந்ததாக வரலாறு இல்லை. ஜப்பானில் இன்றும் இருக்கும் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று கடோரி ஷிண்டோ ரியூ. அதன் தலவரலாறு இப்படிப் போகிறது: 15-ஆம் நூற்றாண்டில் ஈசாசா இயெனாவ் என்ற வீரர், வயது அறுபதைத் தொட்டவர், கடோரி கோயிலில் ஆயிரம் நாள் தவம் கிடந்தார். தெய்வம் நேரில் வந்து சுவடியைக் கையில் கொடுத்தது. நாடி ஜோதிடம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை.

ஆயிரம் நாள் உங்களால் முடியாது, வாடகை ஏறும். அப்படியானால் 'தெங்கு' வழி இருக்கிறது. நீண்ட மூக்கும் சிறகும் உள்ள மலைப் பூதம் அது. குராமா மலையில் சிறுவன் யோஷிட்சுனேவுக்கு வாள் சொல்லிக்கொடுத்தது தெங்குதான் என்று கதை. அதுவும் சரிப்படாவிட்டால் இயற்கை. பனிப்பாரத்தில் மற்ற மரங்களின் கிளைகள் முறிய, வில்லோ மரம் மட்டும் வளைந்து பனியை உதிர்த்துவிட்டு நிமிர்ந்ததைப் பார்த்து யோஷின் ரியூ பிறந்ததாம். வெள்ளத்துக்குத் தலைசாய்த்துத் தப்பிய நாணலை ஆரம்பப் பள்ளியிலேயே பார்த்தவர்கள் நாம். ஆனால் அதை வைத்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கிச் சந்தா வாங்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் நமக்குச் சொந்தமான ஒரு சமாச்சாரமும் வருகிறது. போதிதர்மர். கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷியே தன் நூலில் வேரைப் போதிதர்மர் வரை இழுத்திருக்கிறார். 2011-இல் 'ஏழாம் அறிவு' படம் வந்த பிறகு, காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டுப் போய்ச் சீனாவுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தவர் அவர் என்பதில் நம் ஊரில் இரண்டாம் பேச்சே இல்லை. பழைய சீனக் குறிப்புகளில் 547 வாக்கில் எழுதப்பட்ட ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. இன்னொன்று தென்னிந்திய அரசன் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. இரண்டிலும் குத்தும் இல்லை, உதையும் இல்லை. அவர் பெயரில் உலவும் உடற்பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இதை உங்கள் விளம்பரத் தாளில் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பதுதான் குருவுக்கு அழகு.

எழுத்தைப் பிரித்துக் காட்டுங்கள்

'புடோ' என்றால் என்ன என்று யாராவது கேட்பார்கள். 'பு' என்ற சீன எழுத்தைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். அதற்குள் ஈட்டிக்கான குறி ஒன்றும், 'நிறுத்து' என்று இன்று பொருள்படும் குறி ஒன்றும் இருக்கும். 'ஈட்டியை நிறுத்துவதே போர்க்கலை' என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். கூட்டம் சொக்கிப்போகும். இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் பழமையான சீன நூலிலேயே இந்த விளக்கம் வந்துவிட்டது. எழுத்தாய்வாளர்கள் வேறு சொல்கிறார்கள்: அந்த இரண்டாவது குறி முதலில் பாதத்தின் படம், ஆக, ஈட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பது, அதாவது படையெடுப்பு. ஒரே எழுத்து, ஒருபக்கம் சமாதானம், மறுபக்கம் படை நடை. இந்தக் கலைகளின் கதை முழுவதும் இந்த இரண்டு வாசிப்புகளுக்கு நடுவேதான் ஊசலாடுகிறது. கரும்பலகையில் முதலாவதை எழுதுங்கள்.

பயிற்சிக்கூடத்துக்கு 'டோஜோ' என்று பெயர் வையுங்கள். அது புத்தர் ஞானம் பெற்ற இடத்தைக் குறிக்கும் 'போதிமண்ட' என்ற வடசொல்லின் சீன மொழிபெயர்ப்பு. மொட்டைமாடிக்கு இதைவிட நல்ல பெயர் அமையாது.

எலும்பு வைத்தியரைத் தேடிப் போங்கள்

இனி வருவது நெஞ்சைத் தொட்டுச் சொல்கிற பகுதி. ஏனென்றால் இதைச் செய்தவரை எனக்குப் பிடிக்கும்.

1868-இல் மெய்ஜி ஆட்சி வந்தது. 1876-இல் பொது இடத்தில் வாள் அணியக்கூடாது என்று சட்டம் வந்தது. வாள் வாத்தியார்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். ஷோகுனுக்குக் காவலாக இருந்த சகாகிபாரா கென்கிச்சி, 1873-லேயே சுமோ பந்தயம் போலக் கொட்டகை கட்டி, டிக்கெட் போட்டு, வாள்சண்டையைக் காட்சிப்பொருளாக்கி வயிற்றைக் கழுவினார். தெருக்கூத்துக்கு வந்த வீரம். மல்யுத்த வகையான ஜுஜுட்சு தெரிந்தவர்கள், அடிபட்டவனுக்குக் கட்டுப்போட்டுப் பழகிய கையோடு, எலும்பு வைத்தியம் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். நம் பக்கத்துப் புத்தூர்க்கட்டு மாதிரி.

கானோ ஜிகோரோ, 1860-இல் பிறந்தவர், சாராயத் தொழில் செய்த பணக்காரக் குடும்பத்துப் பையன். குள்ளம், மெலிவு. பள்ளியில் பெரிய பையன்களிடம் உதை வாங்கியவர். டோக்கியோவில் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, ஜுஜுட்சு சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்காமல், எலும்பு வைத்தியர்களின் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பார்த்து உள்ளே நுழைந்து விசாரித்தார். இப்படித்தான் ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசிரியர் கிடைத்தார். ஒருநாள் ஒரு வீச்சில் விழுந்த கானோ, 'இதை எப்படிச் செய்வது? கை எங்கே, கால் எங்கே?' என்று கேட்டார். 'வா' என்றார் ஃபுகுடா. வந்ததும் மறுபடி தூக்கிப் போட்டார். மறுபடி கேள்வி, மறுபடி வீச்சு. விழுந்து விழுந்துதான் தெரியும் என்பது அவர் பாடத்திட்டம்.

அந்தக் கூடத்தில் ஃபுகுஷிமா என்ற ஆஜானுபாகு இருந்தார். கானோவால் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ உத்திகளைக் கேட்டுப் பார்த்தார், பலிக்கவில்லை. நூலகத்துக்குப் போய் மேல்நாட்டுப் புத்தகங்களைப் புரட்டினார். அங்கிருந்து எடுத்துவந்த யோசனைதான், எதிராளியைத் தோளில் குறுக்காகச் சுமந்து எறிவது. ஃபுகுஷிமா பறந்தார். அந்த வீச்சுக்கு 'கத்தகுருமா' என்று பெயர். இன்று ஜூடோவின் பாரம்பரிய வீச்சுகளில் ஒன்று. நூலகச் சீட்டு இல்லாதவர்கள் பாரம்பரியத்தில் கைவைக்கக்கூடாது என்பது என் தாழ்மையான கருத்து.

1882. நம் ஊரில் 'சுதேசமித்திரன்' தொடங்கிய அதே வருடம். டோக்கியோவில் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில், ஒன்பது மாணவர்களோடு, இருபத்தொரு வயதில் கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். பெயர் கொடோகான், வழியை ஆராயும் கூடம். மாணவர்கள் விழுந்த அதிர்ச்சியில் கோயிலின் நினைவுப் பலகைகள் சரிந்தன என்றும், உடைந்த தரைப்பலகையைச் சரிசெய்ய ராத்திரியில் விளக்கோடு தரைக்கு அடியில் கானோவே ஊர்ந்து போனார் என்றும் சொல்வார்கள்.

அவர் செய்த தந்திரத்தைக் கவனியுங்கள். இரண்டு பழைய பள்ளிகளின் வித்தையை எடுத்துக்கொண்டு, கண்ணைக் குத்துவது, மூட்டை முறிப்பது போன்றவற்றைச் சண்டைப் பயிற்சியிலிருந்து தள்ளி வைத்தார். ஆபத்தானது போய்விட்டதால் மிச்சத்தை முழு பலத்தோடு, தினமும், நிஜ எதிர்ப்போடு பழக முடிந்தது. எப்படி விழுவது என்பதை முதலில் சொல்லிக்கொடுத்தார். 'ஒரே அடியில் ஆளைக் கொல்வேன், அதனால் செய்துகாட்ட முடியாது' என்று சொல்லிக்கொண்டிருந்த பள்ளிகளின் ஆட்கள், கானோவின் பிள்ளைகளிடம் மல்லாந்து விழுந்தார்கள். கொல்லும் வித்தையைவிடக் கொல்லாத வித்தை நன்றாக வேலை செய்தது. உங்கள் பள்ளியில் ஒரே அடியில் கொல்லும் ரகசிய உத்தி வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். வைத்துக்கொண்டேதான் ஆக வேண்டும் என்றால், யாரிடமும் காட்டாதீர்கள். ரகசியமாக இருக்கிறவரைதான் அதற்கு மதிப்பு.

அடுத்தது ஒற்றை எழுத்து மாற்றம். 'ஜுட்சு' என்றால் வித்தை. 'டோ' என்றால் வழி. ஜுஜுட்சுவின் பெயர் ரவுடிகளாலும் கொட்டகைக் காட்சிகளாலும் கெட்டுக் கிடந்தது. கானோ 'ஜூடோ' என்று வைத்தார். அந்தச் சொல்லையும் ஒரு பழைய பள்ளி முன்பே பயன்படுத்தியிருந்தது. கானோ அதை மறைக்கவில்லை. 1895-இல் கியோட்டோவில் தொடங்கிய டாய் நிப்போன் புடோக்குகாய் என்ற சங்கம் 1919-இல் இந்த வாலை எல்லாவற்றுக்கும் ஒட்டியது. வாள்வித்தை கெண்டோ ஆனது, வில்வித்தை கியூடோ ஆனது. ஐகிடோ என்ற பெயர் நிலைத்தது 1942-இல்; நம் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின் வயது. ஆகவே 'வித்தை' என்று எழுதாதீர்கள். 'வழி' என்று எழுதுங்கள். வித்தை என்றால் ஒருநாள் கற்று முடிந்துவிடும். வழி முடியாது. சந்தாவும் முடியாது.

பட்டை

பதினொரு வயதில் நான் மூன்று மாதம் கராத்தே பழகினேன். மாஸ்டர் சொன்னார்: 'அந்தக் காலத்தில் ஜப்பானில் எல்லோருக்கும் வெள்ளைப் பட்டைதான். துவைக்கவே மாட்டார்கள். வியர்வையும் அழுக்கும் ஏறி ஏறிப் பத்து வருடத்தில் அது கறுப்பாகிவிடும். அதுதான் பிளாக் பெல்ட்.' நான் நம்பினேன். மூன்றே மாதத்தில் என் பட்டை நல்ல பழுப்புக்கு வந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதை ரின் சோப்புப் போட்டு அலசி, நீலம் முக்கிக் கொடியில் காயப்போட்டுவிட்டார். என் வீரப்பயணம் அன்றோடு பூஜ்யத்துக்குத் திரும்பியது.

அழுக்குக் கதை வெறும் கதை. கறுப்புப் பட்டை சாயம் போட்ட துணிதான். படிநிலை என்ற யோசனையைக் கானோ எடுத்தது போர்க்களத்திலிருந்தும் இல்லை, கோயிலிலிருந்தும் இல்லை. 'கோ' என்ற பலகை விளையாட்டில் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆட்டக்காரர்களுக்கு 'டான்' என்ற தரவரிசை இருந்தது. 1883-இல் தன் மாணவர் இருவருக்குக் கானோ முதல் டான் கொடுத்தார். பட்டை அதற்குப் பின்னால் வந்தது. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்ற வானவில் ஐரோப்பாவில் ஊன்றியது; 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்றுக்கொடுத்த கவாய்ஷி அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் போகப் பல வருடம் ஆகும். அவ்வளவு நாள் வெறும் பட்டையோடு காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு நடுவில் நாலு நிறம் தேவைப்பட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தேர்வு. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு கட்டணம்.

இதிலும் பழமை இல்லாமல் இல்லை. எடோ காலத்தில், அதாவது டோக்குகாவா ஆட்சியில், ஒவ்வொரு படியிலும் சான்றிதழ்ச் சுருள் வாங்கக் காணிக்கை கொடுக்க வேண்டும். இட்டோ ரியூவில் எட்டுப் படி இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சிபா ஷுசாக்கு என்பவர் தன் கிளையில் அதை மூன்றாகக் குறைத்தார். கூட்டம் அலைமோதியது. பெற்றோர் மனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

பெயரில் பகைநாடு இருந்தால் எடுத்துவிடுங்கள்

கராத்தே ஜப்பானுடையதே இல்லை என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்குக் கராத்தே வேறு தெரியும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அது ரியூக்யூ என்ற தனி அரசின் சொத்து. சீனாவோடு வணிகமும் உறவும் வைத்திருந்த அந்தத் தீவுகளை 1879-இல் ஜப்பான் இணைத்து ஒகினாவா மாவட்டம் ஆக்கியது. வாளைப் பறிகொடுத்த ஏழை விவசாயி வெறுங்கையால் சாமுராயை எதிர்க்கக் கண்டுபிடித்தது என்ற கதை உருக்கமானது. கிடைத்திருக்கும் பெயர்களோ அரண்மனையைச் சுற்றியே இருக்கின்றன. மட்சுமுரா அரசனின் பாதுகாவலர். இட்டோசு அரண்மனை எழுத்தர். அந்த இட்டோசுதான் 1901 முதல் கராத்தேயைப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சியாக மாற்றினார். வரிசையாக நின்று எண்ணிக்கைக்குக் குத்தும் அந்தக் காட்சி ட்ரில் வகுப்பின் சாயல்.

'கராத்தே' என்று எழுதிய எழுத்துகளின் பொருள் அப்போது 'சீனக் கை'. பள்ளி ஆசிரியர் ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் டோக்கியோ வந்து செய்து காட்டினார். கானோவின் கொடோகானிலும் காட்டினார். ஜூடோவின் வெள்ளை உடையும் டானும் பட்டையும் கராத்தேக்கு இடம் மாறின. 1930-களில் ஜப்பான் சீனாவோடு மோதிக்கொண்டிருந்தபோது 'சீனக் கை' என்ற பெயர்ப்பலகை விலைபோகாது. 'கரா' என்ற ஒலிக்கு 'வெற்று' என்ற இன்னொரு எழுத்தும் உண்டு. 'வெறுங்கை' என்று எழுதினால் ஒலி மாறாது, பொருள் மட்டும் மாறும். கூடவே பௌத்தத்தின் சூனியமும் ஓசியில் வந்துசேரும். 1905-லேயே ஒருவர் அப்படி எழுதியிருந்தாலும், 1936 அக்டோபரில் நாஹா நகரில் ஆசிரியர்கள் கூடிப் பேசிய பிறகே அது நிலைத்தது. சீனப் பெயருள்ள பயிற்சித் தொடர்களுக்கும் ஃபுனகோஷி ஜப்பானியப் பெயர் சூட்டினார்.

உங்கள் பள்ளிக்குப் பெயர் வைக்கவில்லையே என்று தூக்கம் கெட வேண்டாம். 1930-இல் டோக்கியோவில் ஒரு விழாவில், மியாகி சோஜுனின் மாணவரைப் பார்த்து 'உங்களுடையது எந்த ரியூ?' என்று கேட்டுவிட்டார்கள். ஒகினாவாவில் அப்படிப் பெயர் வைக்கும் வழக்கமே கிடையாது. மாணவர் வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்தார். ஊர் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் மியாகி உட்கார்ந்து யோசித்து வைத்த பெயர்தான் கோஜு ரியூ, 'கடினமும் மென்மையும்'. கேட்டவருக்குப் பதில் வேண்டியிருந்தது. உலகத்துக்கு ஒரு பாரம்பரியம் கிடைத்தது.

தத்துவத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள்

புஷிடோ, அதாவது சாமுராயின் அறம் பற்றி உலகம் அறிந்த புத்தகத்தை எழுதியவர் நிடோபே இனாசோ. அவர் கிறிஸ்தவர், குவேக்கர் பிரிவு. விவசாயப் பொருளாதாரம் படித்தவர். உடல்நலம் தேறுவதற்காகக் கலிஃபோர்னியாவில் இருந்தபோது ஆங்கிலத்தில் எழுதினார்; 1900-இல் ஃபிலடெல்ஃபியாவில் வெளியானது. ஜப்பானியருக்கு ஜப்பானிய மொழியில் அது கிடைக்கச் சில வருடம் ஆனது. பின்னாளில் ஐயாயிரம் யென் நோட்டில் அவர் முகம் வந்தது. பாரம்பரியத்தின் மதிப்பு எவ்வளவு என்று யாராவது கேட்டால், ஒரு காலத்தில் சரியாக ஐயாயிரம் என்று சொல்லலாம்.

ஜென்னும் வில்லும் கதை இதைவிட ருசி. ஓய்கன் ஹெரிகல் என்ற ஜெர்மானியத் தத்துவப் பேராசிரியர் 1924 முதல் செண்டாய் நகரில் கற்பித்தார். அவா கென்சோ என்ற வில்லாளரிடம் பழகினார். ஒரு ராத்திரி இருட்டில் அவா இரண்டு அம்பு விட்டார்; இரண்டாவது முதல் அம்பின் பின்முனையைப் பிளந்து நின்றது. 'நான் எய்யவில்லை' என்ற ரீதியில் குரு ஏதோ சொல்ல, 1948-இல் வந்த ஹெரிகலின் புத்தகம் ஐரோப்பாவையே கிறங்கடித்தது. ஹெரிகலுக்கு ஜப்பானிய மொழி சரியாகத் தெரியாது. முக்கியமான அந்த ராத்திரியில் மொழிபெயர்ப்பாளரும் கூட இல்லை. பிற்காலத்தில் யமடா ஷோஜி என்ற ஆய்வாளர் தோண்டி எடுத்த செய்தி: அது தற்செயல் என்று அவாவே மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லியிருக்கிறார். அவா பெரிய ஜென் பயிற்சி பெற்றவரும் இல்லை.

ஆகவே குருவே, வாய் திறக்கும்போது பாதி வாக்கியத்தில் நிறுத்தப் பழகுங்கள். மீதியைச் சீடன் நிரப்புவான். மொழி தெரியாத சீடன் என்றால் இன்னும் நன்றாக நிரப்புவான்.

தோற்கும்போது என்ன செய்வது

1945-இல் ஜப்பான் தோற்றது. போர்க்காலத்தில் இந்தக் கலைகளை அரசு பிள்ளைகளை முறுக்கேற்றப் பயன்படுத்தியிருந்தது. கரும்பலகையில் நாம் எழுதாமல் விட்ட அந்த இரண்டாவது வாசிப்பு. புடோக்குகாய் 1946-இல் கலைக்கப்பட்டது. பள்ளிகளில் தடை. கெண்டோக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சட்டையும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு, புள்ளிக் கணக்கு வைத்து, 'ஷினாய் போட்டி', அதாவது மூங்கில் வாள் போட்டி என்று ஒரு புது விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். 'இது விளையாட்டு, வித்தை இல்லை' என்ற பழைய வசவையே கேடயமாகத் தூக்கிப்பிடித்தார்கள். 1952-இல் கெண்டோ சம்மேளனம் பிறந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டார்கள். 2012 முதல் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகளில் புடோ கட்டாயப் பாடம். 'ஒன்பது பாரம்பரியப் புடோ' என்ற அதிகாரப்பூர்வப் பட்டியலில் ஜுகெண்டோ என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கி முனைக் கத்தியால் குத்துவது. மெய்ஜி காலத்தில் பிரெஞ்சு ராணுவப் பயிற்சியிலிருந்து முளைத்தது. இதற்கு மேல் உங்கள் ஐந்நூறு வருடத்தைப் பற்றி யார் கேள்வி கேட்க முடியும்?

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாக நுழைந்தது. அதற்காகவே கட்டிய நிப்போன் புடோகானில் எடைவரம்பில்லாப் பிரிவின் இறுதிப் போட்டி. ஒருபக்கம் கமினகா அக்கியோ. மறுபக்கம் நெதர்லாந்துக்காரர் அன்டோன் கீசிங்க், ஆறரை அடி. 'வலு குறைந்தவன் வலியவனை வெல்லும் கலை' என்று எண்பது வருடமாகச் சொல்லிவந்த நாடு, தன் வீட்டு முற்றத்தில், பெரிய மனிதர் ஒருவர் தங்கள் ஆளைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மணி அடித்தது. கூடம் உறைந்தது. நெதர்லாந்து ஆதரவாளர்கள் குதித்துப் பாய்மீது ஓடிவர முயன்றார்கள். கீசிங்க் எழுந்ததும் கொண்டாடவில்லை. கையை உயர்த்தி அவர்களைத் தடுத்தார். பிறகு திரும்பித் தலைவணங்கினார்.

இந்தக் காட்சியைப் பற்றி மட்டும் எனக்குக் கேலி வரவில்லை. கெண்டோவில் இன்றும், அடித்த வெற்றிக்கு முஷ்டி தூக்கிக் குதித்தால் அந்தப் புள்ளியையே பறித்துவிடுவார்கள். அதே கீசிங்க்தான் பிற்காலத்தில், தொலைக்காட்சியில் ஆள் அடையாளம் தெரிய ஒருவர் நீல உடை அணியட்டும் என்று யோசனை சொல்லி, ஜப்பானியரை வெகுகாலம் எரிச்சலூட்டினார். புடோகானிலோ 1966-இல் பீட்டில்ஸ் வந்து பாடிவிட்டுப் போனார்கள். புனித இடத்தில் கிட்டாரா என்று எதிர்ப்புக் கிளம்பியது. அந்தப் புனித இடத்துக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை.

எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது

அல்வாக் கடை, நாட்டுமருந்துக் கடை, போர்க்கலை: மூன்றுக்கும் பலகை வாசகம் ஒன்றே. ஃபுனகோஷி 1957-இல் இறந்தபோது, இறுதிச்சடங்கை யார் நடத்துவது என்பதிலேயே சீடர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். கியோகுஷின் கராத்தேயின் ஒயாமா 1994-இல் போனதும் அது எத்தனையாக உடைந்தது என்று எண்ணி முடிக்க இன்னொரு கட்டுரை வேண்டும். உங்கள் பள்ளியும் உடையும். அதை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நாளைக் காலை கடைக்குப் போய் ஒரு துடைப்பமும், நீளமான கணக்குப் புத்தகம் ஒன்றும் வாங்கிவிடுங்கள். துடைப்பம் சீடர்களுக்கு. புத்தகம் உங்களுக்கு. ஐகிடோவைத் தொடங்கிய உவேஷிபாவுக்கு ஆசிரியராக இருந்த தாகேடா சோகாகு, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த இடங்களில் எல்லாம், மாணவன் பெயர், தேதி, இடம், கொடுத்த தொகை என்று எழுதி வாங்கி முத்திரை போடவைத்தார். தாகேடாவின் கலை மினமோட்டோ குலத்திலிருந்து தொள்ளாயிரம் வருடமாக வருவதாகப் பள்ளி சொல்வதை நம்பலாம், விடலாம். ஆய்வாளர்கள் கையில் எடுத்துப் பார்ப்பது அந்தக் கணக்குப் புத்தகங்களைத்தான்.

முதல் சீடன் வந்து, 'மாஸ்டர், இதை எப்படிச் செய்வது?' என்று கேட்பான். 'வா' என்று சொல்லித் தூக்கிப் போடுங்கள். மறுபடி கேட்டால் மறுபடி போடுங்கள். மூன்றாவது முறை அவன் உங்களைத் தூக்கிப் போட்டுவிட்டால் பதற வேண்டாம். அடுத்த வாரமே அடுத்த தெருவில் தனிப்பள்ளி தொடங்கிவிடுவான். கூடத்தின் நடுச்சுவரில் மாலை போட்டு, 'ஆதிகுரு' என்று உங்கள் படத்தை மாட்டுவான். அதற்குத் தோதாக, கொஞ்சம் தாடி வளர்த்து, கறுப்புவெள்ளையில் ஒரு போட்டோ இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.